டெல்டா ஆங்கில ஆசிரியர்களே, வகுப்பில் நிஜமாகவே எடுபட்ட பயிற்சி எது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறேன். இந்த ஜூனில்தான் எட்டாம் வகுப்பு ஆங்கிலம் என் கைக்கு வந்தது. ஒரே அறையில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். நான்கைந்து பேர் தடங்கலில்லாமல் வாசிக்கிறார்கள். இன்னும் சிலர் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவார்கள். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து முத்து முத்தாக எழுதுகிறார்கள், எழுதியதைப் படி என்றால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். இத்தனைக்கும் ஒருவரும் மந்தமில்லை. மேட்டூர் திறந்தாயிற்றே, நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும், எந்த மதகு எந்தப் பக்கம் பாயும் என்று கேட்டால் வாய் ஓயாது.

பயிற்சி முகாம்களில் நிறைய ஆக்டிவிட்டி சொல்லித் தருகிறார்கள். வட்டமாக நாற்காலி, இருபது பேர், கலர் பேப்பர் என்று வைத்துச் சொல்வது நம் பெஞ்சு வரிசைக்குள் நுழையவே மாட்டேன் என்கிறது. அதனால் கேட்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நீங்களே செய்து எடுபட்டதை எழுதுங்கள். எந்த இடத்தில் சிக்கும் என்பதையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.


குடந்தைப் பட்டதாரி எழுதியது:

சார், கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட டிக்டேஷனில் ஆரம்பியுங்கள். செலவு நாலு தாள்தான்.

ஐந்து சின்ன வாக்கியங்களைக் கொட்டை எழுத்தில் எழுதி வராண்டா தூணில் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஜோடி. ஒருவன் நோட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். மற்றவன் தூணுக்குப் போய் ஒரு வாக்கியத்தை மனதில் வாங்கிவந்து சொல்ல வேண்டும், இவன் எழுத வேண்டும். அத்தனை பேரும் ஒரே தூணில் முட்டினால் காரியம் கெட்டுவிடும், அதனால் அதே தாளை நாலு தூணில் ஒட்டுங்கள். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வரக்கூடாது, தூணருகே நின்று கத்தக்கூடாது. இந்த இரண்டே விதிதான். பாதியில் ஒரு விசில் அடித்தால் ஆள் மாற வேண்டும்.

போன வாரம் ஒரு வாக்கியம் கொடுத்தேன்: 'தி ஹெரான் ஸ்டுட் ஆன் ஒன் லெக் இன் தி பேடி ஃபீல்ட்.' ஒரு பையன் தூணருகே ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்து சொன்னபோது அந்த 'ஆன்' விட்டுப்போயிற்று. எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை நிறுத்திவிட்டு, "ஒன் லெக்குக்கு முன்னால ஏதோ இருக்கணும்டா, போய்ப் பாத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பினான். முன்னிடைச்சொல்லை நான் எத்தனையோ பீரியட் போர்டில் நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அதற்காகத் திருப்பி அனுப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.


மாயூரம் மிஸ் எழுதியது:

நல்ல பயிற்சி, நானும் செய்கிறேன். ஒரு சந்தேகம். வாசிக்கவே வராத பிள்ளையை எதில் வைப்பீர்கள்? ஓடவிட்டால் தூணருகே நின்று அழுகிற நிலைமை வரும். எழுதவிட்டால் காதில் விழுந்ததைக் கிறுக்கிவைக்கும்.


குடந்தைப் பட்டதாரி எழுதியது:

முதல் பாதியில் எழுத வைப்பேன் மிஸ். கூடப் படிப்பவன் வாயிலிருந்து மூன்று வாக்கியம் கேட்டுவிட்டால், அப்புறம் தூணில் பார்க்கும்போது பாதிச் சொற்கள் தெரிந்த முகமாக இருக்கும்.


மாயூரம் மிஸ் எழுதியது:

நான் நேர்மாறு. ஐந்தில் ஒன்றை மூன்று நான்கு சொல்லில் முடித்துவிடுவேன், அதை அந்தப் பிள்ளைதான் கொண்டுவர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். முதல் வாக்கியமே அவள் வாயிலிருந்து வந்தால் அந்தப் பீரியட் முழுக்க அவள் நிமிர்ந்து உட்காருகிறாள். இரண்டு விதமாகவும் செய்து பாருங்கள் சார், எது உங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.


ஐயாறு டீச்சர் எழுதியது:

நான் தொடக்கப் பள்ளி. எங்களுக்கு 2022 முதல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததில் ஆடல், பாடல், அட்டை எல்லாம் வகுப்புக்குள் இயல்பாகிவிட்டது. எட்டாம் வகுப்புக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றலாம், இருந்தாலும் சொல்கிறேன்.

கட்டளை சொன்னால் பிள்ளை உடம்பால் செய்து காட்ட வேண்டும், பேசத் தேவையில்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் உருவாக்கிய முறை இது. வழக்கமாக எழு, உட்கார், கதவைத் திற என்றுதான் சொல்வார்கள். நான் நடவு வைத்துச் செய்கிறேன். 'பென்ட் டவுன். புல் தி சீட்லிங்ஸ். வாஷ் தி ரூட்ஸ். டை தெம். கேரி தெம் ஆன் யுவர் ஹெட். வாக் ஸ்லோலி ஆன் தி பண்ட். ஸ்டெப் இன்டு தி மட்.' சேற்றில் கால் வைக்கிற மாதிரி முட்டியைத் தூக்கிவைத்து நடக்கிறதுகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'சீட்லிங்' என்பது நாற்று என்று நான் தமிழில் சொல்லவே இல்லை, பிடுங்கி, கழுவி, முடிச்சுக் கட்டும்போதே பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு கட்டளையை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன். ஒரு பிள்ளை சொல்லும், வகுப்பு செய்யும், நானும் செய்வேன். டீச்சரை வரப்பில் நடக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே வாய் திறந்த பிள்ளைகள் உண்டு.


மன்னைப் பெரியவர் எழுதியது:

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன் நான். இளையவர்கள் எழுதுவதைப் படிக்க மனம் நிறைகிறது.

பெரிய வகுப்பு, வசதியில்லாத பள்ளி, ஆங்கிலம் காதில் விழாத வீடு என்ற நிலைமையில் என்ன செய்யலாம் என்று நம் மண்ணிலேயே ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். என்.எஸ். பிரபு. 1979 தொடங்கி 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த பெங்களூரு திட்டம் அவருடையது. இலக்கணத்தை வரிசையாக நடத்துவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு சிக்கலைக் கொடுத்தார். வரைபடம், கால அட்டவணை, விலைப்பட்டியல். கவனம் முழுக்க விடை கண்டுபிடிப்பதில் இருக்கும், மொழி அதற்காகப் புழங்கும். முதலில் ஆசிரியர் முழு வகுப்போடும் பேசிப் பேசி ஒரு சிக்கலை அவிழ்ப்பார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தாங்களே செய்வார்கள். நாற்காலியை வட்டமாகப் போட வேண்டியதே இல்லை.

நான் ரயில் அட்டவணையை எடுத்துக்கொண்டேன். தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. நேரங்களை நானே போட்டுக்கொள்வேன். மூன்று வண்டிகள். ஒன்று எல்லா ஊரிலும் நிற்கும், ஒன்று பாபநாசம், கும்பகோணம், குத்தாலத்தில் மட்டும், ஒன்று குத்தாலத்தைத் தவிர எல்லா இடத்திலும். கேள்வி இதுதான்: குத்தாலத்தில் காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்குப் பத்து நிமிட நடை. பாபநாசத்தில் ஏறும் பாட்டி எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? விடை வண்டியின் எண் மட்டுமல்ல, ஏன் மற்ற இரண்டும் ஆகாது என்பதும் சேர்ந்ததே.

'இட் டஸ் நாட் ஸ்டாப் அட் குத்தாலம்.' 'இட் ரீச்சஸ் டூ லேட்.' இந்த இரண்டு வாக்கியத்தையும் பிள்ளைகள் அன்றைக்குத் தாமாகவே வேண்டி நின்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எழுவாய்க்கேற்ற வினைமுடிவைக் கரும்பலகையில் அட்டவணை போட்டு நடத்தி வராத பலன் இதில் வரும்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஐயா, இது எனக்கு ரொம்பப் பொருந்தும். நீடாமங்கலம் ஜங்ஷன் எங்கள் பிள்ளைகளுக்கு அத்துப்படி. மன்னார்குடி வண்டியும் திருவாரூர் வண்டியும் பிரிகிற இடம் என்பதால் வண்டி மாறுகிற கேள்வியும் சேர்க்கலாம்.


பத்தாம் வகுப்பு பொறுப்பு எழுதியது:

எல்லாம் சரிதான். எனக்கு ஒரு மனத்தாங்கல். ஆறு, ஏழு, எட்டில் இதெல்லாம் செய்யலாம். பத்தாம் வகுப்புக்கு வாருங்கள். 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள், 35 எடுத்தால்தான் அந்தப் பிள்ளைக்குப் பிளஸ் ஒன். வடகிழக்குப் பருவமழையில் நம் மாவட்டங்களுக்கு விடுமுறை மேல் விடுமுறை. மிச்சமிருக்கிற நாளில் மெமரி போயம், கடிதம், செய்வினை செயப்பாட்டுவினை என்று உருப்போட வைத்தால்தான் கரையேற்ற முடிகிறது. தூணுக்கு ஓட நேரம் எங்கே இருக்கிறது? இது குறை சொல்ல இல்லை, எனக்கு நிஜமாகவே வழி தெரிய வேண்டும்.


குடந்தைப் பட்டதாரி எழுதியது:

உங்கள் கவலை நியாயம் சார். நானும் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன். நேரம் மிச்சமாகிற ஒன்றைச் சொல்கிறேன், செயப்பாட்டுவினைக்கே.

எங்கள் பள்ளிக்குப் பக்கம் சுவாமிமலை. பஞ்சலோகச் சிலை வார்க்கிற வேலை பிள்ளைகளில் சிலருக்கு வீட்டுத் தொழில். அப்படிப்பட்ட ஒரு பெண்ணை எழுப்பி, சிலை எப்படிச் செய்கிறார்கள் என்று தமிழிலேயே வரிசையாகச் சொல்லச் சொன்னேன். மெழுகில் உருவம் பிடிப்பது, அதன்மேல் காவிரி வண்டல் மண் பூசுவது, காயவைப்பது, சூடுகாட்டி மெழுகை வடித்துவிடுவது, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவது, ஆறியதும் மண் அச்சை உடைப்பது, அராவி மெருகு போடுவது. அவள் சொல்லச் சொல்ல நான் போர்டில் ஆங்கில வினைச்சொல்லை மட்டும் எழுதினேன். மெல்ட், கோட், ட்ரை, ஹீட், போர், பிரேக், பாலிஷ்.

அப்புறம் ஒரே கேள்வி. மெழுகை உருக்கியது அவள் அப்பாவா, சித்தப்பாவா, வேலைக்கு வந்தவரா, நமக்கு அது முக்கியமா? முக்கியமில்லை, மெழுகுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் முக்கியம். 'தி வேக்ஸ் இஸ் மெல்டட். தி மோல்ட் இஸ் ஹீட்டட். தி மெட்டல் இஸ் போர்ட். தி மோல்ட் இஸ் புரோக்கன்.' அதே பீரியடில் ஏழு வாக்கியமும் எல்லா நோட்டிலும் ஏறிவிட்டது. 'பிரேக்' மட்டும் ஏன் 'பிரோக்கன்' ஆகிறது என்று அவர்களே கேட்டார்கள். ராமன் மாம்பழம் சாப்பிட்டான், மாம்பழம் ராமனால் சாப்பிடப்பட்டது என்று மாற்றிக்கொண்டே இருந்தால், எதற்காக மாற்றுகிறோம் என்பது பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது. எதற்கு என்று தெரிந்த பிள்ளை பரீட்சையிலும் குழம்பாது.

உங்கள் ஊரில் என்ன தொழிலோ அதை எடுங்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம், திருபுவனம் பட்டு. எதுவும் இல்லையென்றால் நேரடி நெல் கொள்முதல் நிலையம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நெல் கொட்டப்படுகிறது, தூற்றப்படுகிறது, ஈரப்பதம் பார்க்கப்படுகிறது, 40 கிலோ மூட்டையாகப் பிடிக்கப்படுகிறது, தைக்கப்படுகிறது, அடுக்கப்படுகிறது. ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டினால் என்ன ஆகும் என்று கேளுங்கள், நிபந்தனை வாக்கியமும் வந்துவிடும். அதற்கு விடை தெரியாத விவசாயி வீட்டுப் பிள்ளை கிடையாது.


பத்தாம் வகுப்பு பொறுப்பு எழுதியது:

கொள்முதல் நிலையத்தை நாளைக்கே செய்கிறேன். 'இஃப் தி மாய்ஸ்சர் இஸ் அபவ் செவன்டீன்' என்று ஆரம்பித்துவிட்டால் மிச்சத்தை அவர்கள் முடித்துவிடுவார்கள். மிகவும் நன்றி.


கடலோர டீச்சர் எழுதியது:

வேதாரண்யம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மழை விடுமுறை பற்றிச் சொன்னீர்கள். விடுமுறை முடிந்து வருகிற முதல் நாளில் நான் பாடப்புத்தகத்தைத் திறப்பதில்லை, வானிலை அறிக்கைதான்.

துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு ஒன்றிலிருந்து பதினொன்று வரை உண்டு. மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் எது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். ஆரஞ்சு அலர்ட், ரெட் அலர்ட், டிப்ரஷன், லேண்ட்ஃபால் என்ற சொற்கள் டிவியில் கேட்டே பழக்கம். அறிக்கையை நான்காக நறுக்கிவிடுவேன். ஒரு தாளில் புயல் எங்கே இருக்கிறது, ஒன்றில் காற்றின் வேகம், ஒன்றில் எந்த மாவட்டங்களுக்கு எச்சரிக்கை, ஒன்றில் மீனவர்கள் என்ன செய்ய வேண்டும். ஒரு தாளை வைத்திருக்கிற பிள்ளைகள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து புரிந்துகொள்வார்கள். பிறகு கலைந்து, நான்கு தாளுக்கும் ஒவ்வொருவராக நால்வர் குழு. தாளைக் காட்டக்கூடாது, சொல்ல வேண்டும். கடைசியில் ஒவ்வொரு குழுவும் ஒரு முடிவு சொல்ல வேண்டும்: நாளைக்கு நம் ஊர்ப் படகு கடலுக்குப் போகலாமா? எலியட் ஆரன்சன் 1971-ல் டெக்சாஸில் ஆரம்பித்த ஜிக்சா முறைதான். அவர் வேறு காரணத்துக்காகச் செய்தார், வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது அவர்களை ஒருவருக்கொருவர் தேவைப்பட வைப்பதற்காக. நம் வகுப்பிலும் அந்தப் பலன் உண்டு. யாரோடும் பேசாத பிள்ளையின் கையில் காற்றின் வேகம் இருந்தால் மூன்று பேர் அவனிடம் வந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இறந்தகாலத்துக்கு, வீட்டில் போய்க் கஜா புயலைப் பற்றிக் கேட்டுவரச் சொல்வேன். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் எங்கள் பக்கம் கரையேறியது. கேட்பது தமிழில், வகுப்பில் சொல்வது ஆங்கிலத்தில். 'தி ரூஃப் ஃப்ளூ அவே. வீ ஸ்லெப்ட் இன் தி ஸ்கூல்.' பட்டியலில் உருப்போட்ட 'ஃப்ளூ'வும் 'ஸ்லெப்ட்'டும் இப்படித்தான் உள்ளே இறங்குகின்றன. ஒரு எச்சரிக்கை. வீட்டில் இழப்பு நடந்த பிள்ளையை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு, வேறு ஒரு கதையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுங்கள். கட்டாயப்படுத்தவே கூடாது.


மாயூரம் மிஸ் எழுதியது:

உச்சரிப்புக்கு யாராவது ஏதாவது செய்கிறீர்களா? என் பிள்ளைகளுக்கு எல்லாச் சொல்லின் வாலிலும் ஓர் உகரம். பஸ்ஸு, புக்கு, லைட்டு. முட்டைக்கு 'யெக்'.


ஐயாறு டீச்சர் எழுதியது:

காகிதத் துண்டு ஒன்று போதும் மிஸ். விரலளவு அகலத்தில் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்லுங்கள். பேனாவுக்கான ஆங்கிலச் சொல்லைச் சரியாகச் சொன்னால் காகிதம் ஆடும். 'பால்' என்று பந்தைச் சொன்னால் ஆடாது. நம் 'ப' காற்றை அவ்வளவு தள்ளாது, எழுத்தும் இரண்டுக்கும் ஒன்றே, அதனால்தான் பெரியதுக்கும் பன்றிக்குமான ஆங்கிலச் சொற்கள் பிள்ளைகள் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. காகிதம் ஆடுகிறதா என்று பக்கத்துப் பிள்ளை பார்த்துச் சொல்லட்டும், நாம் திருத்தவே வேண்டாம். வால் உகரத்துக்கு, கடைசி எழுத்தைச் சொன்னதும் கை மூட வேண்டும் என்று பழக்குகிறேன். கை மூடினால் வாயும் நின்றுவிடுகிறது.


மன்னைப் பெரியவர் எழுதியது:

நல்ல உத்தி. ஆனால் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். உகரத்தோடு பேசினால் பிறருக்குப் புரியும், பேசாமலே இருந்தால் ஒன்றுமே புரியாது. உச்சரிப்புக்கு எனத் தனியே ஐந்து நிமிடம் ஒதுக்கி அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மேல்வகுப்புகளுக்கு ஒரு சிறு பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசித்துவிட்டு, குறிப்பெடுத்ததை வைத்து மூன்று பேர் சேர்ந்து மறுபடி எழுதச் சொல்லலாம். சொல்லுக்குச் சொல் ஒத்துவர வேண்டாம், பொருளும் இலக்கணமும் சரியாக இருந்தால் போதும். நான் வழக்கமாக வாசிப்பது வி.எஸ். சீனிவாச சாஸ்திரி பற்றி நானே எழுதிய ஐந்து வரி. 1869-ல் நம் வலங்கைமானில் பிறந்து, சென்னையில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரர்களே புகழ்ந்த ஆங்கிலம் அவருடையது. வலங்கைமான் பஸ்ஸில் தினமும் வரும் பிள்ளைகள் அந்த ஐந்து வரியை எழுதும்போது காட்டும் கவனத்தை நான் பார்த்திருக்கிறேன்.


புதுப் பணி எழுதியது:

மன்னிக்கவும், அடிப்படைக் கேள்வி. இந்தப் பயிற்சிகளில் தமிழ் பேசலாமா? ஆங்கில வகுப்பில் தமிழ் காதில் விழக்கூடாது என்று பார்வைக்கு வந்த ஒருவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.


கடலோர டீச்சர் எழுதியது:

விதியைத் தமிழில் சொல்லுங்கள். விதி புரியாமல் விளையாட்டு தொடங்கினால் பாதிப் பீரியட் போய்விடும். விடை ஆங்கிலத்தில் வரட்டும். பிள்ளைகள் தங்களுக்குள் 'டேய் இது சரியாடா' என்று தமிழில் பேசி முடிவெடுப்பது யோசிப்பது, அதைத் தடுக்காதீர்கள். சுவாமிமலைப் பெண் தமிழில் சொல்லாமல் அந்த ஏழு வினைச்சொல்லும் போர்டுக்கு வந்திருக்குமா?


மாயூரம் மிஸ் எழுதியது:

கொஞ்சம் மாறுபடுகிறேன். தினமும் வருகிற கட்டளைகளையாவது ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஜோடி சேர், நோட்டை மாற்று, இன்னொரு தடவை சொல். கையைக் காட்டிச் சொன்னால் சீக்கிரமே பழகிவிடும். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் காதில் விழுகிற இடம் நம் வகுப்பு ஒன்றுதான், அதையும் முழுக்கத் தமிழாக்கிவிட்டால் எங்கே போய்க் கேட்கும்? ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசிக்க ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாக நிறைய இருக்கிறது. முதலில் தமிழில் வாசிக்கவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் பயம் இருக்காது.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

ஓட்ட டிக்டேஷன் செய்தாயிற்று. மாயூரம் மிஸ் சொன்னபடி குட்டி வாக்கியத்தை வாசிக்க வராத பிள்ளைகளிடம் கொடுத்தேன், 'தி ஷட்டர் இஸ் ஓப்பன்' என்று மதகை வைத்து. அதைக் கொண்டுவராத பிள்ளை ஒன்றுகூட இல்லை. சத்தம்தான் பெரிய பிரச்சினை. பக்கத்து வகுப்பில் கணக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.


குடந்தைப் பட்டதாரி எழுதியது:

கடைசி பீரியடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாளை மரத்தடியில் ஒட்டுங்கள். கிசுகிசுத்துத்தான் சொல்ல வேண்டும், சத்தம் வந்தால் அந்த ஜோடி ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும் என்று சேருங்கள். சட்டென்று அடங்கிவிடும்.


வெண்ணாற்றங்கரை எழுதியது:

சரி சார். மன்னை ஐயா, அந்த ரயில் அட்டவணைத் தாள் உங்களிடம் இருந்தால் போட்டோ எடுத்து இங்கே போட முடியுமா? நீடாமங்கலத்தில் வண்டி மாறுகிற மாதிரி மாற்றி எல்லோருக்கும் பகிர்கிறேன்.


மன்னைப் பெரியவர் எழுதியது:

பழைய நோட்டில் இருக்கிறது, இன்று இரவு போடுகிறேன். வண்டி மாறும் கேள்விக்கு ஒரு நுணுக்கம்: முதல் வண்டி வந்து சேருவதற்கும் இரண்டாவது புறப்படுவதற்கும் நடுவே நாலே நிமிடம் வையுங்கள், நடைமேடையும் வேறாக இருக்கட்டும். பாட்டியால் மாற முடியுமா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரியும். அங்கேதான் 'ஷீ கேன்', 'ஷீ கேனாட்', 'பிகாஸ்' மூன்றும் வரும். ஆறாம் வகுப்புக்கு என்றால் மாறுவது வேண்டாம், ஒரே வண்டி, ஊர்களுக்கு இடையே எத்தனை நிமிடம் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.